தகரப் பெட்டியும் விண்ணப்பப் படிவமும்: மலையகத்தில் தோட்ட வரலாற்றுப் பணிக்கு நிதி தேடுபவர்களுக்கு

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நல்ல நாளில்கூட யாரும் திறப்பதில்லை. திறந்தால் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய அரிசிக் கூப்பன், இந்தியாவுக்குப் போன சித்தப்பா போட்ட கடிதம், கோயில் திருவிழாவின் வரவு செலவுக் கொப்பி, ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஆகியவை கிடைக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு மனிதர்களும் புதையுண்டார்கள். உயிரே போன இடத்தில் பெட்டியைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் அந்தக் குடும்பங்களின் எழுத்து வடிவமான நினைவும் அன்றைக்கு மண்ணுக்குள் போயிற்று.

இந்தப் பெட்டிகளில் இருப்பதையும், பெரியவர்களின் வாயில் இருப்பதையும் சேர்த்துவைக்க விரும்பும் இளைஞர்கள் இப்போது பல தோட்டங்களில் இருக்கிறார்கள். மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் நடந்த மலையகம் 200 நிகழ்வுகளும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணமும் அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதற்குக் காசு யார் தருவார்கள்?" தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்பதுதான் பிழை.

நாங்களும் அந்தப் பிழையைச் செய்தவர்கள்தான். எங்கள் முதல் விண்ணப்பத்தில் பிரட்டுக்களத்துக்கு (காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) பக்கத்தில் நினைவுத்தூண் ஒன்றும், அதன் பின்னால் ஒரு நூதனசாலைக் கட்டடமும் கேட்டிருந்தோம். பதில் இரண்டு வரியில் வந்தது. நிலம் யாருடையது, காட்சிக்கு வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நிலம் எங்களுடையது இல்லை. காட்சிக்கு வைக்க எதையும் நாங்கள் இன்னும் சேகரித்திருக்கவும் இல்லை. தூணின் வரைபடம் மட்டும் அழகாக இருந்தது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

"எங்கள் தோட்டத்தின் வரலாற்றைப் பதிவுசெய்தல்" என்று எழுதினால் யாரும் பணம் தர மாட்டார்கள். அது ஒரு ஆயுட்கால வேலை. 12 மாதத்தில் முடியக்கூடிய ஒரு துண்டை வெட்டி எடுங்கள். 70 வயதைக் கடந்தவர்களின் குரல் ஒரு துண்டு. மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து வாத்தியாரின் மனப்பாடத்தில் இருக்கும் பாடல்கள் இன்னொன்று. கோயில் கணக்குக் கொப்பிகள், தோட்டப் பாடசாலையின் பழைய இடாப்புகள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்த குடும்பங்களின் கடிதங்கள், இப்படி எதையும் எடுக்கலாம். என் ஓட்டு கடிதங்களுக்கே. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான அந்த இலங்கை–இந்திய ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஒரு வரியில் தீர்மானித்தது. அந்த வரியின் மறுபக்கம் இந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது.

தேர்ந்தெடுத்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: "எங்கள் தோட்டத்தின் மூன்று டிவிஷன்களில் 25 முதியவர்களின் நினைவுகளை 10 மாதத்தில் ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, பிரதிகளை அவர்களது குடும்பத்துக்கும் பாடசாலை நூலகத்துக்கும் ஒரு எண்ணிம நூலகத்துக்கும் கொடுப்போம்." எத்தனை, யாரிடம், எவ்வளவு காலத்தில், முடிவில் எங்கே போகும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. வாக்கியம் அமையவில்லை என்றால் திட்டமும் இன்னும் அமையவில்லை என்று பொருள்.

அடுத்து, காசில்லாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்யுங்கள். கையிலிருக்கும் தொலைபேசியில் இரண்டு பெரியவர்களைப் பதிவு செய்யுங்கள். ஒரு பெட்டியிலுள்ள காகிதங்களைப் படம் பிடித்துப் பட்டியல் போடுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எங்கே சிக்கல் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரியவந்தது இது: ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஒருவருக்கு முழு நாள் வேண்டும். மழை நாளில் தகரக் கூரையின் கீழ் ஒலிப்பதிவே ஆகாது.

வரலாற்றுத் தகவலிலும் கவனம் வேண்டும். 200 ஆண்டு என்பது சமூகத்தின் கணக்கு. உங்கள் தோட்டத்தின் வயது அல்ல. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது 1869இல். அதன் பிறகுதான் பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உங்கள் தோட்டம் எப்போது திறக்கப்பட்டது, யாருடைய பெயரில் எத்தனை ஏக்கராக இருந்தது என்பதை தோட்டங்களின் விவரங்களைப் பட்டியலிட்ட அக்காலத்து ஃபெர்குசன் டிரெக்டரியில் தேடலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒரு நாள் போய்வருவது வீணாகாது. 1880களில் திறந்த தோட்டத்துக்கு "இருநூறாண்டு வரலாறு" என்று எழுதினால், விண்ணப்பத்தைப் படிப்பவர் மீதியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

நிலமும் கட்டடமும் யாருடையவை?

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. ஆக, நாம் நான்கு தலைமுறையாக வாழ்ந்த லயமானாலும் பழைய ஸ்டோரானாலும் (தேயிலை ஆலை), கைவைக்க வேண்டுமென்றால் தோட்ட முகாமையாளரின் எழுத்து மூலமான அனுமதி தேவை. சில இடங்களில் கம்பனியின் தலைமை அலுவலகமும் சம்மதிக்க வேண்டியிருக்கும். அதற்கே ஒரு வருடம் போகலாம்.

தொல்பொருள் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கோடு போடுவது 1815 மார்ச் 2ஆம் திகதியில், அதாவது கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியர் வசமாக்கிய கண்டி ஒப்பந்த நாளில். அதற்கு முந்திய கட்டடங்கள்தான் இயல்பாகவே புராதனச் சின்னங்கள் என்ற வரையறைக்குள் வரும். நம்முடையவை எல்லாம் அதற்குப் பிந்தியவை. அரசு வர்த்தமானியில் தனியாகப் பிரகடனம் செய்தால்தான் பாதுகாப்பு. நம் வரலாறு தொடங்குவதற்குச் சற்று முன்னாலேயே சட்டத்தின் கோடு முடிந்துவிடுகிறது. ஒன்றையும் மறந்துவிடாதீர்கள்: பழைய குடியிருப்பு, பழைய மயானம் என்று எங்கேயும் நீங்களாகத் தோண்டாதீர்கள். அகழ்வுக்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

ஆகவே முதல் திட்டம் காகிதமும் குரலுமாக இருக்கட்டும். அவற்றுக்கு உரிமையாளர்கள் நம் வீட்டுக்காரர்களே. கட்டடக் கனவு இருந்தால் முதலில் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். 2007இல் ஒரு லயத்தையே நூதனசாலையாக்கித் திறந்தார்கள். அங்கே காட்சிக்கு இருப்பவை கவ்வாத்துக் கத்தி, கூடை, வீட்டுப் பாத்திரம் என்று நம் வீடுகளில் கிடந்த பொருள்களே.

பணம் யாருடைய கணக்கில் வரும்?

தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் பெரும்பாலான நிதியங்கள் பணம் அனுப்புவதில்லை. பதிவுசெய்த அமைப்பு, யாப்பு, கூட்டக் குறிப்புகள், இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, கடந்த ஓரிரு வருடக் கணக்கறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள்.

புதிதாகச் சங்கம் தொடங்குவதானால் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். பெரிய அளவில், வெளிநாட்டுப் பணத்தோடு இயங்குவதானால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் நிறுவனமாகப் பதிவு செய்வார்கள். 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி தொடங்குவோரும் உண்டு. அதற்கு வருடாவருடம் கணக்காய்வுச் செலவு இருக்கிறது.

நான் சொல்வது வேறு. முதல் தடவைக்குப் புதிய சங்கம் வேண்டாம். தோட்டத்தில் மரணாதாரச் சங்கம் இருக்கும், கோயில் பரிபாலன சபை இருக்கும், இளைஞர் கழகம் இருக்கும். இல்லையென்றால் நகரத்தில் நம்பிக்கையான ஒரு நிறுவனம் இருக்கும். அவர்களின் பதிவின் கீழ் உங்கள் குழு வேலை செய்யலாம். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஒரு பக்க உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு வீதம் எடுப்பார்கள், காசோலையில் யார் கையெழுத்திடுவார்கள், வாங்கிய ஸ்கேனர் கடைசியில் யாரிடம் இருக்கும், பதிவுகளின் உரிமை யாருக்கு என்ற நான்கையும் எழுதுங்கள். சண்டை வருவது எப்போதும் ஸ்கேனரில்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிரதேச செயலகத்தில் கலாசாரப் பணிகளுக்கான உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் பெரிய தொகை கிடைக்காது. ஆனால் மண்டபம், ஒரு நாள் கண்காட்சிக்கான செலவு, முக்கியமாக ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை ஓகஸ்ட், செப்டம்பரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். தைப்பொங்கல் முடிந்து போனால் "இந்த வருடம் ஒதுக்கீடு இல்லை" என்பார்கள். கோயில் சார்ந்த சுவடிகள், கூத்து ஆகியவற்றுக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திலும் விசாரியுங்கள்.

தோட்டத்திலிருந்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தாலும் அது பாதீட்டில் "சமூகத்தின் பங்களிப்பு" என்ற பெயரில் உட்காரும். தாங்களும் கைகொடுக்கிற ஊருக்குத்தான் நிதியங்கள் கைகொடுக்க விரும்புகின்றன.

உள்நாட்டு நிதியங்களில் 1999இல் தொடங்கிய நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம் முக்கியமானது. சமூகநீதி, நினைவு, மொழியுரிமை என்று உங்கள் பணியின் பொருளை அவர்களுக்கு விளக்குவது அவ்வளவு சிரமமாக இருக்காது.

அடுத்தது தூதரகங்களின் சிறு நிதிகள். ஆஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம் போன்றவை மரபுக்கென்றே வந்தவை அல்ல. பெண்கள், இளைஞர், ஒதுக்கப்பட்ட சமூகம் என்ற வாசலால்தான் உள்ளே போக வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்களின் நினைவுகளை அவர்களுடைய மகள்மாரே பதிவு செய்யும் திட்டம் அந்த வாசலுக்குப் பொருந்தும். பொருந்தாததை வலிந்து பொருத்தினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்கத் தூதரகம் வழியாக வந்த பண்பாட்டுப் பாதுகாப்புக்கான தூதுவர் நிதி 2001இல் தொடங்கியது. தனியாருக்கோ வணிக நிறுவனத்துக்கோ சொந்தமான கட்டடங்களுக்கு அதில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். லயத்தைப் புதுப்பிக்கப் பணம் தேடிப் பலர் முட்டிக்கொண்ட சுவர் இது. எந்த நிதியானாலும் அந்தந்த ஆண்டின் அறிவித்தலைப் பார்த்தே எழுதுங்கள். சென்ற வருடத்துப் படிவத்தில் நிரப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஆவணங்களுக்கென்றே இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. பிரித்தானிய நூலகம் 2004இலிருந்து நடத்தும் அருகிவரும் ஆவணகங்கள் திட்டம் பழைய காலத்துக் காகிதங்களுக்கானது. முன்னோட்டத் திட்டங்களுக்கு 15,000 பவுண் வரை கொடுத்திருக்கிறார்கள். முதலில் சுருக்கமான விண்ணப்பம். அது தேறினால் விரிவானது. மூலப் பிரதி நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய உறுதியான விதி. பெட்டியைக் கொடுக்கத் தயங்கும் பாட்டியிடம் இதைச் சொல்லலாம். கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக நூலகம் 2018இல் தொடங்கிய திட்டம் 20, 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கானது. திட்டமிடலுக்கு 15,000 டொலர் வரையும், முழுத் திட்டத்துக்கு 50,000 டொலர் வரையும் வழங்கி வந்திருக்கிறது. ஒப்பந்த காலக் கடிதங்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், ஸ்டூடியோ படங்கள் எல்லாம் இந்த வயதுக்குள் வருகின்றன. தனியாகப் போகாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியரையோ, 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யுனெஸ்கோவின் அருவ மரபு நிதியில் 100,000 டொலருக்கு உட்பட்ட உதவி இருக்கிறது. ஆனால் கோரிக்கை அரசாங்கத்தின் வழியாகவே போக வேண்டும். நம் மலைநாட்டின் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காமன் கூத்தும் ஒரு நாள் அங்கே போகட்டும். இன்றைக்கு வேண்டியது அதன் பாடல்களை ஒருமுறை முழுதாகப் பதிவு செய்வதுதான்.

"நிதியை நான் எடுத்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வருபவரை இஸ்தோப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். உண்மையான நிதியம் விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

பாதீடு

பணத்தின் பெரும்பகுதி மனித உழைப்புக்குப் போக வேண்டும். எழுத்தாக்குபவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் போடுங்கள். "தொண்டர்கள் செய்வார்கள்" என்று எழுதினால் மூன்றாம் மாதத்தில் தொண்டர்கள் கொழும்பில் வேலைக்குப் போயிருப்பார்கள். நேர்காணலுக்காக ஒருவர் மலைக்குப் போகாமல் நின்றால் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போகிறது. அந்த ஒரு நாள் சம்பளத்தை ஈடுசெய்யும் தொகையைப் பாதீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். அதைக் குறைக்கச் சொன்ன நிதியத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கருவிகளில் ஆடம்பரம் வேண்டாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவி, காலரில் குத்தும் மைக், தட்டையான ஸ்கேனர், இரண்டு வன்தட்டு. காகிதத்தை 300, சிறிய படங்களை 600 dpi என்ற அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். நுவரெலியா ஈரத்தில் வன்தட்டும் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பைகளை எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ்களை லெமினேட் பண்ணும் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்; சூடு பட்ட மை பிறகு திரும்பாது, ஒட்டிய பிளாஸ்டிக்கும் கழலாது.

கருவிகளுக்குக் கூறுவிலை மூன்று வாங்குங்கள். முச்சக்கர வண்டிக் கூலியை மறக்காதீர்கள். மேல் டிவிஷனுக்கு பஸ் போகாது என்பது கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது, எழுதினால்தான் தெரியும். விலையேற்றத்துக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்குங்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு ரூபாயில் பாதீடு போட்டவர்கள் ஸ்கேனர் வாங்க முடியாமல் நின்றார்கள்.

கால அட்டவணையும் மலைக்குத் தகுந்தபடி இருக்கட்டும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை. பதுளைப் பக்கம் ஆண்டின் கடைசியில்தான் மழை வலுக்கும். கொழுந்து அதிகமாக வரும் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். கூத்தைப் பதிவு செய்வதானால் மாசி மாதத்துக்கு முன்னரே பணம் கையில் வருமாறு பின்னாலிருந்து எண்ணுங்கள்.

சம்மதம் வாங்குவது

இதை ஒரு படிவம் என்று நினைத்து அவசரப்படாதீர்கள். பேசுவதற்கு முன் இந்தப் பதிவு எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். எழுத வராதவரின் சம்மதத்தைக் குரலாகவே பதிவு செய்யலாம். பெயர் வேண்டாம் என்றால் மாற்றுப்பெயர் போடும் உரிமை அவருக்கு உண்டு. பிறகு மனம் மாறினால் நீக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருப்பதையும் நினைவில் வைத்திருங்கள். அடையாள அட்டை இலக்கம் தெரியும் காகிதத்தை இணையத்தில் போடவே கூடாது.

பெட்டிகளில் சாதி எழுதிய பழைய கங்காணிப் பட்டியல்கள் வரும். 1977, 1983 வன்செயல்களைப் பற்றிய பேச்சும் வரும். அயல் கிராமத்தவரின் பெயர்கள் அதில் இருக்கலாம். எதைப் பொதுவில் வைப்பது, எதைப் 20 வருடம் மூடிவைப்பது என்று உங்கள் குழு முன்கூட்டியே கூடி முடிவெடுத்து, அந்த முடிவை விண்ணப்பத்திலும் எழுதட்டும். அந்த ஒரு பந்தியைப் படித்துத்தான் எங்களைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு நிதியத்தில் பிறகு சொன்னார்கள்.

எழுதி அனுப்புவது

முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் பிறகு. தமிழில் தெளிவில்லாதது ஆங்கிலத்தில் பளபளப்பாக மட்டுமே இருக்கும். தோட்டம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பிரட்டு, கொந்தரப்பு, பிள்ளைக்காம்பரா என்று அவர் தடுக்கி நிற்கும் இடங்களில் எல்லாம் ஒரு வரி விளக்கம் சேருங்கள். "பாவப்பட்ட, எழுத்தறிவற்ற மக்கள்" என்ற நடையை விட்டுவிடுங்கள். டெய்லருக்குக் கண்டி மஹய்யாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது. அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டால் போதும், இரக்கம் கேட்கத் தேவையில்லை.

இறுதித் திகதி வெளிநாட்டு நேரத்தில் இருக்கும். இலங்கை நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு நாள் முந்தியே அனுப்புங்கள். காற்று வீசினால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகிற ஊர் நம்முடையது.

பணம் கிடைத்த பிறகு

தனிக் காசுப் புத்தகம் ஒன்று போடுங்கள். முச்சக்கர வண்டிக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் பில் தர மாட்டார்கள். திகதி, தொகை, காரணம், கையெழுத்து என்று நீங்களே ஒரு வவுச்சர் அச்சடித்து வைத்திருங்கள். ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணத்தை மாற்ற வேண்டியிருந்தால் செலவழிப்பதற்கு முன் நிதியத்துக்கு எழுதிக் கேளுங்கள். தாமதமாகிறது என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் மௌனமாக இருப்பவரைத்தான் அவர்கள் அடுத்த முறை ஒதுக்குகிறார்கள்.

பெட்டிகளை இரவல் வாங்கும்போது ஒரு கொப்பி வைத்திருங்கள். என்னென்ன காகிதம், எத்தனை, எந்த நாளில் எடுத்தோம் என்று வீட்டுக்காரரின் முன்னாலேயே எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அதே பக்கத்தில் மறுபடியும் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். கூடவே அமிலமில்லாத காகித உறை ஒன்றும், பெரிதாக்கிய படத்தின் ஒரு பிரதியும் கொடுங்கள். இதற்கான செலவையும் பாதீட்டிலேயே போட்டிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை, கைக்காசு போட்டோம்.